போட்டுக்காரர்களுக்கு வாடகை மட்டும்

ராயபுரத்தில் ஞானசெல்வி நடத்திய சிடி கடைக்கு ஒரு சட்டம் உண்டு. யார் வேண்டுமானாலும் வந்து படத்தை வாடகைக்கு எடுக்கலாம். பிடித்துப்போனால் விலைக்கும் வாங்கிக்கொள்ளலாம். காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகிற போட்டுக்காரர்களுக்கு மட்டும் அவள் விற்க மாட்டாள். வாடகைதான். அதுவும் நாள் கணக்கில் இல்லை. கடலுக்குப் போய் வருகிற ஒரு தடவைக்கு ஒரு வாடகை. போட்டு கரையைத் தொட்டதும் சிடி கடைக்கு வந்துவிட வேண்டும். சொன்ன நாள் தவறினால் அபராதம்.

விற்காததற்குக் காரணம் அவள் புருஷன். அவன் ஒருநாள் பர்மா பஜாரில் பை நிறையப் படங்களை விலைக்கு வாங்கிக்கொண்டு மங்களூர்ப் பக்கம் மீன்பிடித் தொழிலுக்குப் போனான். போனவன் போனவன்தான். கடல் ஒன்றும் அவனைக் கொண்டுபோகவில்லை. அங்கே மீன் ஏலம் எடுக்கிற ஒருத்தியோடு குடித்தனம் வைத்து, பிள்ளை குட்டியோடு சௌக்கியமாக இருக்கிறான் என்று அந்தப் பக்கம் போய்வந்தவர்கள் எல்லாரும் தவறாமல் வந்து சொன்னார்கள். ஞானசெல்வி அழுது முடித்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தாள். விலைக்கு வாங்கினவனுக்குத் திரும்பி வரவேண்டிய அவசியம் இல்லை. வாடகைக்கு எடுத்தவன் வந்துதான் ஆகவேண்டும். இது என்ன நியாயம் என்று கேட்டவர்களிடம், "என் கட, என் நாயம்" என்றாள். அதற்குமேல் யார் பேச முடியும்?

இந்தச் சட்டத்தால் ஊரிலேயே அதிகம் பிழைத்தவன் ஜெகதீசன்தான். சுப்புராயன் ஓட்டுகிற போட்டில் அவன் சமையல்காரன். பத்துப் பன்னிரண்டு நாள் கடலிலேயே தங்கிப் பிடிக்கிற போட்டு அது. மற்றவர்கள் வலை இழுக்க, இவன் அடுப்படியில் குந்தி உலை கவிழாமல் பார்த்துக்கொள்வான். வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கூடப்பிறந்தவளோடு வீட்டுச் சண்டையில் பேச்சு அறுந்தது அறுந்ததுதான். கல்யாணம் ஒருமுறை நிச்சயதார்த்தம் வரைக்கும் வந்து, பெண்ணுக்கு ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிற ஒருவனைப் பிடித்துப்போனதால் நின்றது. அதற்குப் பிறகு அவனுக்காகப் பெண் பார்க்க யாரும் மெனக்கெடவில்லை, அவனும் யாரையும் கேட்கவில்லை. கரையில் அவனுக்கு இருந்தது ஒரு மாடி அறையும் ஒரு பூட்டும்தான்.

போட்டு கிளம்பும்போது முதலாளியின் கணக்குப்பிள்ளை பக்தவச்சலம் ஜெட்டிக்கு வருவார். கடலில் ஒன்று கிடக்க ஒன்று ஆனால் யாருக்குத் தகவல் சொல்வது என்று ஆளாளுக்கு வீட்டு நம்பர் கேட்பார். பொண்டாட்டி நம்பர், மச்சான் நம்பர், அம்மா நம்பர் என்று எல்லாரும் படபடவென்று சொல்வார்கள். ஜெகதீசன் பல வருஷம் "அப்பறம் சொல்றேன் நைனா" என்று சொல்லியே ஓட்டினான். ஒரு தடவை கணக்குப்பிள்ளை விடவில்லை.

"அப்பறம்னா எப்ப? செத்தப்பறமா? ஒரு நம்பர் சொல்லுய்யா."

ஜெகதீசன் கையில் வாடகைக்கு எடுத்த சிடி இருந்தது. கவரின் மேல் கடையின் பெயரும் நம்பரும் அச்சடித்த சீட்டு ஒட்டியிருந்தது. அந்த நம்பரைப் பார்த்துப் படித்தான்.

"யாரு, வூட்லயா?"

"ஆமா."

வாய் தவறி வந்த பொய் என்று சொல்ல முடியாது. ஆசைப்பட்டு வந்த பொய். போட்டு துறைமுகத்தின் வாயைத் தாண்டும்வரை அவன் காது சூடாகவே இருந்தது.

அந்தத் தடவை பார்த்துத்தான் நடுக்கடலில் எஞ்சின் படுத்துக்கொண்டது. வேறொரு போட்டு கயிறு கட்டி இழுத்துவர வேண்டியதாயிற்று. சொன்ன நாளுக்கு வெகு பின்னால் காசிமேட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஜெட்டி முழுக்கப் பெண்களும் பிள்ளைகளுமாக இருந்தது. சுப்புராயனின் பொண்டாட்டி அவரைத் திட்டிக்கொண்டே அழுதாள். ஒவ்வொருவராக இறங்கி ஒவ்வொரு கூட்டத்துக்குள் போய் மறைந்தார்கள். ஜெகதீசன் பாத்திரம் கழுவுகிற சாக்கில் கடைசிவரை போட்டிலேயே நின்றான். தன்னைத் தேடி யாரும் வரமாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்திருந்தும் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். அதை நினைத்து அவனுக்கே அவன்மேல் எரிச்சல் வந்தது.

எல்லாரும் போன பிறகு சிடியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனான். ஞானசெல்வி தலை நிமிராமல் ஏதோ ஒரு சிடித் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா? லேட்டு. அபராதம் எடுத்து வையி."

எடுத்து வைத்தான்.

"எவனோ போன் போட்டு, உங்க வூட்டுக்காரரு போட்டு நின்னுபோச்சும்மா, பேஜாராவாதீங்கன்றான். வூட்டுக்காரன் இருந்தாத்தானே நான் பேஜாராவறதுக்கு?"

ஜெகதீசன் வெட்கத்தில் கூனிக் குறுகிப்போனான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். அதற்குள் அவளே சொன்னாள்.

"அப்பறம் நானே தெனமும் போன் போட்டுக் கேட்டேன். ஒயுங்கா ஒரு பதில் சொல்றானா அந்த ஆளு? வரும்மா, வரும்மான்றான். எப்ப வரும்னு சொல்லத் துப்பில்ல."

அவ்வளவுதான் பேச்சு. இனிமேல் என் நம்பரைக் கொடுக்காதே என்று அவள் சொல்லவில்லை. கொடுக்கட்டுமா என்று அவனும் கேட்கவில்லை. ஆனால் அறைக்குப் படியேறும்போது ஜெகதீசன் தனியாகச் சிரித்தான். இத்தனை பெரிய பட்டணத்தில் அவன் தாமதமாக வந்தான் என்று கவனித்து, அதற்கு அபராதமும் போட ஒரு ஆள் இருந்தாள். அந்த அபராதத்தைப் போல மனசாரக் கொடுத்த காசு அவன் வாழ்க்கையில் வேறில்லை.

அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அவன் சிடி எடுக்காமல் கடலுக்குப் போனதில்லை. அந்த நாளில் படம் பார்ப்பது போட்டில் ஒரு திருவிழா. போட்டு அறைக்குள் சின்ன டிவியும் சிடி போடுகிற டெக்கும் இருந்தன. வலை போட்டுவிட்டுக் காத்திருக்கிற நேரத்தில் எல்லாரும் முட்டிக்கு முட்டி இடித்துக்கொண்டு உட்காருவார்கள். சிரிப்பு வருகிற இடத்துக்கு முன்னாலேயே ஒருத்தன் சிரித்துக் கெடுப்பான், மற்றவர்கள் அவன் மண்டையில் தட்டுவார்கள். ஜெகதீசன் கதவோரம் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டே பார்ப்பான். அவன் கொண்டுவந்த படம் என்பதால் கொஞ்சம் மரியாதையும் இருந்தது.

பிறகு கைக்குக் கை போன் வந்தது. பாட்டு, படம், எல்லாம் ஒரு விரல் நகத்தளவு கார்டுக்குள் அடங்கிவிட்டது. ஆளுக்கொரு மூலையில், ஆளுக்கொரு படம், காதில் ஆளுக்கொரு ஒயர். ஒருவன் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறான் என்று பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாது. டெக்கு உப்புக்காற்றில் துருப்பிடித்து ஒருநாள் வாயைத் திறக்கவில்லை. அதைச் சரிபண்ண வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கடலில் முன்பு இல்லாத ஒரு தனிமை அப்போதுதான் ஜெகதீசனைப் பிடித்தது. கரையில் இருந்த தனிமை அவனுக்குப் பழகியது. போட்டிலும் அது ஏறி வந்து உட்காரும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

இருந்தும் சிடி எடுத்தான். படத்தைத் துணிப்பைக்குள் அரிசி மூட்டைக்கு மேல் வைத்துவிட்டுப் போய், அப்படியே கொண்டுவந்து கொடுத்தான்.

"படம் எப்டி கீது?" என்று ஞானசெல்வி கேட்பாள்.

"சண்டல்லாம் நல்லா கீது. கடேசிலதான் கொஞ்சம் இழுத்துட்டான்" என்று கவரைப் பார்த்து அடித்துவிடுவான்.

"அப்டியா?" என்று அவள் தலையாட்டுவாள். அடுத்த படத்தை எடுத்துக் கொடுத்து, "போட்டு வந்தவொடனே கொண்டாந்து குடு" என்பாள். ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தை. ஜெகதீசனுக்கு வேண்டியது அந்த ஒரு வார்த்தைதான். அதற்காகத்தான் வாடகை.

இந்த வருஷம் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, போட்டுகள் எல்லாம் பெயின்ட் அடித்துக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றபோது, கடைவாசலில் அட்டைப் பெட்டிகள் இருந்தன. படங்களை வாரி அவற்றில் கொட்டியிருந்தாள். தெருப் பிள்ளைகள் தட்டுகளை எடுத்து வெயிலில் காட்டி வானவில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மூடறேன் ஜெகதீசு" என்றாள் ஞானசெல்வி. "கட வாடகைக்கே வியாபாரம் பத்தல. ஃப்ரெடி எண்ணூருக்கு வந்துடும்மான்னு ஒரே பிடிவாதம். புள்ளையாச்சே, போய்த்தான் பாப்போம்."

ஃப்ரெடி அவள் மகன். எண்ணூரில் கன்டெய்னர் யார்டு ஒன்றில் வேலை. ஜெகதீசனுக்குப் பேச நிறைய இருந்தது. அடுக்கில் மிச்சம் இருந்த படங்களை வெறுமனே தள்ளித் தள்ளிப் பார்த்தான். ஒரு பழைய சிரிப்புப் படம் கிடைத்தது. கவரில் ஒரு பெரிய குடும்பம் நெருக்கியடித்துக்கொண்டு நின்று சிரித்தது. பலமுறை அவன் எடுத்துப் போயிருக்கிற படம்.

இந்த இடத்தில்தான் ஜெகதீசன் நல்லது செய்வதாக நினைத்து முட்டாள்தனம் செய்தான். பாவம், நொடித்துப்போய் மூடுகிறாளே, கடைசி நாளிலாவது வாடகையோடு நிறுத்தாமல் கொஞ்சம் தாராளமாகக் கொடுப்போம் என்று நினைத்தான். பையில் இருந்த பெரிய நோட்டை எடுத்து மேசையில் வைத்தான்.

"வாடக வாணாம். வெலைக்கே குட்துடு."

ஞானசெல்வியின் கை நின்றது. "வெலைக்கா?"

"வெலைக்குத்தான். மிச்சம் நீயே வெச்சுக்க."

"வேற போட்டுக்கு எங்கனா போறியா?"

"இல்லியே."

"சரி" என்று சொல்லி, படத்தைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். தன் சட்டத்தை அவளே மீறிவிட்டாளே என்ற ஆச்சரியம் மட்டும்தான் அவனுக்கு அப்போது இருந்தது. தெருமுனை திரும்பும்போதுதான் வழக்கமான வார்த்தையை அவள் சொல்லவில்லை என்று உறைத்தது. திரும்பிப் போய்க் கேட்கவா முடியும்?

மறுநாள் ஜெட்டியில் கணக்குப்பிள்ளை கேட்டபோது, கவரைப் பார்த்து அதே நம்பரைப் படித்துவிட்டுப் போட்டில் ஏறினான்.

கடலில் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, சுப்புராயன் டீ கேட்டு அடுப்படிக்கு வந்தார். அரிசி மூட்டை மேல் கிடந்த சிடியைப் பார்த்தார்.

"ஓடாத டெக்குக்கு எதுக்குய்யா வாடக கட்றே?"

"வாடக இல்ல மாமு. வெலைக்கு வாங்கிட்டேன்."

"அப்ப சரி" என்றார் சுப்புராயன், டீயை ஊதிக்கொண்டே. "இனிமே அந்தம்மா கடைக்குப் போற வேல வுட்டுது."

அவர் விகல்பம் இல்லாமல் சொன்னதுதான். ஜெகதீசன் கரண்டியைக் கீழே வைத்தான். விலைக்கு வாங்கினவனுக்குத் திரும்பி வர அவசியம் இல்லை. அவள் புருஷன் பை நிறைய வாங்கினான், இவன் ஒன்றே ஒன்று வாங்கினான், வித்தியாசம் அவ்வளவுதான். உறவை முடித்துக்கொள்கிறேன், மிச்சத்தையும் நீயே வைத்துக்கொள் என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டு வந்திருக்கிறான். வேறு போட்டுக்குப் போகிறாயா என்று அவள் கேட்டது இப்போதுதான் புரிந்தது. அன்று சோறு அடிப்பிடித்தது. அத்தனை வருஷத்தில் முதல்முறையாக எல்லாரும் அவனைத் திட்டினார்கள்.

கரைக்கு வந்த அன்று ஏலக்கூடத்தில் பக்தவச்சலம் அவனை நிறுத்தினார்.

"இன்னாய்யா, நாளைக்குப் போட்டு வந்துரும்னு எல்லா வூட்டுக்கும் சொன்னேன். உன் வூட்டு நம்பர் மட்டும் உபயோகத்துல இல்லன்னுது. வேற நம்பர் குடு."

"வேற..." என்று ஆரம்பித்த ஜெகதீசன் நிறுத்திக்கொண்டான். வேறு இல்லை. உலகத்தில் வேறு ஒரு நம்பரும் அவனுக்கு இல்லை. பெட்டி பெட்டியாக மீனும், கத்தலும், ஐஸ் தண்ணீருமாக இருந்த அந்த இடத்தின் நடுவில் அவனுக்கு அழுகை வந்தது. முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு சொல்றேன் நைனா" என்றான்.

நேரே கடைக்குப் போய்ப் பார்த்தான், ஷட்டர் இறங்கியிருந்தது. மறுநாள் குளித்து, இருப்பதில் நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு, சிடியை மடியில் வைத்துக்கொண்டு எண்ணூர் பஸ்ஸில் உட்கார்ந்தான். வழி நெடுக கன்டெய்னர் லாரிகள் நகராமல் நின்றன. திருவொற்றியூர் தாண்டவே வெயில் ஏறிவிட்டது. ஃப்ரெடி என்ற பெயரையும் கன்டெய்னர் யார்டு என்ற வேலையையும் வைத்துக்கொண்டு எண்ணூரில் ஆள் தேடுவது லேசான காரியம் இல்லை. மூன்று ஃப்ரெடிகளின் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுத்தான் நாலாவது வீட்டுக்கு வந்தான்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஞானசெல்வி உட்கார்ந்திருந்தாள். கையில் வேலை ஒன்றும் இல்லை. எப்போதும் எதையாவது துடைத்துக்கொண்டே இருக்கிற கைகள் மடியில் சும்மா கிடந்தன. உள்ளே பேத்தி போனில் ஏதோ பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

"இன்னா ஜெகதீசு, வயி தவறி வந்துட்டியா?"

அவன் சிடியை நீட்டினான். "அன்னிக்கு நான் வெலைக்குக் கேட்டது தப்பு. இத்த வாடகைக்கு எடுத்த மாதிரி வெச்சுக்க. போட்டு வந்துட்ச்சு. அதான் கொண்டாந்தேன்."

பஸ்ஸில் ஒத்திகை பார்த்த பேச்சு அது. ஞானசெல்வி வாங்கி, கவரைத் திறந்து, தட்டை வெயிலில் சாய்த்துப் பார்த்தாள்.

"முன்னல்லாம் நீ கொண்டார தட்டுல மீன் செதிளு ஒட்டிகினு இருக்கும். டீசல் கையி அச்சு அச்சா பதிஞ்சிருக்கும். சோப்புத் தண்ணி போட்டு நான்தான் தொடைப்பேன். இந்த ரெண்டு வருசமா குடுத்தது குடுத்தாப்புல பளபளன்னு வருது. டெக்கு ஓடலன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் படம் எப்டின்னு கேட்டியே."

"நீ இன்னா புளுகறன்னு பாக்கத்தான்."

இரண்டு பேருமே சிரிக்கவில்லை. அவள் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் அவன் கொடுத்த பெரிய நோட்டு அப்படியே இருந்தது. செலவழிக்காமல் வைத்திருந்திருக்கிறாள்.

"இத்த புடி. விக்கல, வாங்கல. வாடகய மட்டும் குடு. ஒரு நாளு லேட்டு, அதுக்கு அபராதம்."

அவன் கொடுத்தான். எண்ணிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"வேற படம் குடு" என்றான் ஜெகதீசன்.

"எங்க கீது? எல்லாத்தியும் காயலான் கடக்காரன் எடைக்கு அள்ளிகினு போய்ட்டான்." அவள் சொல்லிவிட்டுத் தெருவைப் பார்த்தாள். லாரி ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு போனது. "இங்க வந்ததுலேந்து எங்கிட்ட எத்தியும் கேட்டு ஒருத்தரும் வரல. சாப்டியாம்மான்றாங்க, தூங்கினியாம்மான்றாங்க. நல்ல புள்ளைங்கதான். ஆனா பேச்சு அத்தோட முட்ஞ்சிடுது."

பேத்தியைக் கூப்பிட்டுப் பேனா வாங்கினாள். சிடி கவரில் இருந்த பழைய நம்பரைக் கோடு போட்டு அடித்துவிட்டு, அதன்கீழ் புது நம்பர் ஒன்றைப் பேத்தி சொல்லச் சொல்ல மெதுவாக எழுதினாள். அதே படத்தை அவன் கையில் வைத்தாள்.

"இத்தியே எடுத்துகினு போ. போட்டு வந்தவொடனே கொண்டாந்து குடு."

அவன் தலையாட்டினான். தண்ணீர் குடிக்கிறாயா என்று அவள் கேட்கவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை. அவளுக்கே அந்த வீட்டில் உட்கார இருந்தது அந்த ஒரு நாற்காலிதான். பஸ் நிறுத்தம் வரை போய் அவன் திரும்பிப் பார்த்தபோது, வாசலில் அவள் நாற்காலியை நிழலுக்கு நகர்த்திக்கொண்டிருந்தாள்.

அடுத்த தடவை போட்டு கிளம்பும்போது பக்தவச்சலம் அவன் முன்னால் வந்து நின்றார். ஜெகதீசன் கவரைப் பார்த்து நம்பரைப் படித்தான். கணக்குப்பிள்ளை எட்டிப் பார்த்தார். கடையின் பெயர் அச்சடித்த சீட்டும், அதில் பேனாவால் எழுதிய எண்ணும் அவர் கண்ணில் பட்டன.

"யோவ், இது அந்த சிடி கட ஆச்சே. இத்தினி வருசமா இதையா வூட்டு நம்பர்னு சொன்னே? கடையைத்தான் மூடிட்டாங்களே."

"மூடினா இன்னா நைனா," என்றான் ஜெகதீசன். "சிடி என் கைல கீதே. கொண்டுபோயி குடுக்கணுமில்ல?"

பக்தவச்சலம் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு நம்பரைக் குறித்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போனார்.